ஏற்காட்டுக்கு வர்றீங்களா? முதல்ல வண்டியை விட்டு இறங்குங்க

ஞாயிற்றுக்கிழமை கேஷுவாலிட்டி டூட்டி முடிச்சுட்டு எழுதுறேன். நீளமான இழை. கொஞ்சம் கோபமாவும் இருக்கும். வார இறுதியில ஏற்காடு பிளான் வச்சிருக்கவங்க கட்டாயம் படிங்க.

முதல்ல ஒரு சிரிப்புக் கதை.

என்னோட எம்.பி.பி.எஸ். படிச்ச நண்பன் ஒருத்தன் போன வருஷம் குடும்பத்தோட ஏதென்ஸ் போனான். தினமும் ஸ்டேட்டஸ்: "இன்னைக்கு 21,000 ஸ்டெப்ஸ்", "கைடு இல்ல, பஸ் இல்ல, போன்ல ஒரு மேப், கையில ஒரு தண்ணி பாட்டில், ஊரையே நடந்து பார்த்தோம்". ரொம்ப சந்தோஷம். அதே நண்பன் இந்தப் பொங்கல் லீவுக்கு ஏற்காடு வந்தான். ஏரிக்கரையில கார் நிறுத்தியிருந்தான். அங்கிருந்து அண்ணா பூங்காவுக்குக் கார்ல போனான்.

ஏற்காடு போனவங்களுக்குத் தெரியும், அண்ணா பூங்கா ஏரியை ஒட்டியே இருக்கு. காரைக் கிளப்பி, டிராஃபிக்ல நின்னு, மறுபடி பார்க்கிங் தேடுற நேரத்துல நடந்து போயிட்டுத் திரும்பியே வந்திருக்கலாம்.

"ஏண்டா இப்படி?"ன்னு கேட்டேன். "அங்க நடக்க இடம் இருந்துச்சு. இங்க எங்க நடக்குறது?"ன்னான். முதல்ல சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா அவன் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதிக்குத்தான் இந்த இழை.

நான் பொறந்து வளர்ந்தது குப்பனூர். ஏற்காட்டுக்கு ரெண்டு மலைப்பாதை. எல்லாருக்கும் தெரிஞ்சது அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவோட ஏறுற பாதை. இன்னொண்ணு எங்க ஊர் வழியா, கொட்டச்சேடு வழியா ஏறுறது. எங்க பாதையை டூரிஸ்டுங்க ரெண்டு சமயத்துலதான் நினைப்பாங்க. மேல் பாதையில மண் சரிஞ்சா ஒரு தடவை. மே மாசம் கோடை விழா வந்தா இன்னொரு தடவை. விழா நாள்ல ஏற அந்தப் பாதை, இறங்க இந்தப் பாதைன்னு போலீஸ் ஒருவழி ஆக்கிடுவாங்க. அதாவது, மேல நாள் முழுக்கச் சுத்தின அத்தனை வண்டியும் சாயங்காலம் எங்க ஊர் வழியா இறங்கும். டிரைவர் களைச்சிருப்பார், பின்சீட்ல குழந்தைங்க வாந்தி எடுத்துட்டு இருப்பாங்க, இருட்டுறதுக்குள்ள சேலம் போயிடணும்னு அவசரம் வேற.

அந்த ரோட்டோரமா நடந்து வீட்டுக்குப் போற ஒருத்தங்க என் டூட்டியில வந்தாங்க. அடையாளம் தெரியாம இருக்கச் சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வயசு எழுபது இருக்கும். மலைக்கிராமம். காப்பித் தோட்டத்துல கூலி வேலை. இடுப்பு எலும்பு முறிவு. தொடை எலும்போட கழுத்துப் பகுதி. கூட வந்த பையன் "கீழ விழுந்துட்டாங்க"ன்னு மட்டும் சொன்னான்.

"என்ன ஆச்சு ஆயா?"

"வண்டி வந்துச்சு சாமி. ஒதுங்குனேன். ஒதுங்க எடம் இல்ல. ஓடைப்பள்ளத்துல காலு போயிருச்சு."

"வண்டி இடிச்சதா?"

"இல்ல கண்ணு, அவுங்க மேல தப்பு இல்ல. எனக்குத்தான் ஒதுங்கத் தெரியல."

ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல நான் என்ன எழுத முடியும்? வண்டி அவங்களைத் தொடவே இல்ல. நம்பர் தெரியாது. நின்னு பார்க்கவும் இல்ல. "தானாகக் கீழே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது." அவ்வளவுதான். ரோடு விபத்துக் கணக்குல இவங்க வரவே மாட்டாங்க.

கணக்குல வர்றவங்களே எத்தனை பேர்னு பாருங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைப்படி 2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. அஞ்சுல ஒருத்தர். இந்த ஆயா மாதிரி "தானா விழுந்தவங்க" அந்த எண்ணிக்கைக்கு வெளிய.

வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சா அது வெறும் எலும்புப் பிரச்சினை இல்ல. படுக்கையில விழுந்தா நிமோனியா, படுக்கைப்புண், கால் நரம்புல ரத்தக்கட்டு எல்லாம் வரிசையா வரும். உலகம் பூரா பார்த்த கணக்கு, இப்படி முறிஞ்ச முதியவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துடுறாங்க. அதனாலதான் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி, சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கத் துடிக்கிறோம். இந்த ஆயாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வாக்கர் வச்சு நடக்குறாங்க. ஆனா அந்த மேட்டு வழியில வாக்கர் வச்சு எப்படித் தோட்டத்துக்குப் போவாங்கன்னு என்னைக் கேட்காதீங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன்.

நீங்க ஏற்காட்டுல என்ன பண்றீங்க? காலைல சேலத்துல டிபன். மலை ஏறும்போது போன் பார்த்துட்டே வந்து வாந்தி. (கண்ணு "நிக்குறேன்"னு சொல்லுது, உள்காது "சுத்துறேன்"னு சொல்லுது, மூளை குழம்பிடுது. ஜன்னல் வழியா தூரத்தைப் பாருங்க, சரியாயிடும்.) ஏரி. போட்டோ. கார். லேடீஸ் சீட். போட்டோ. கார். ரோஜாத் தோட்டம். கார். பகோடா பாயிண்ட். மிளகாய் பஜ்ஜி. கார். சேர்வராயன் கோயில். கார். இருட்டுறதுக்குள்ள இறக்கம். வீட்டுக்குப் போய், "ஏற்காட்டுல ஒண்ணுமே இல்லப்பா, ஒரே டிராஃபிக்".

அந்த டிராஃபிக்கே நீங்கதானே!

பேரைக் கவனிங்க: ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர். ரோடு வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் நடந்தோ, குதிரையிலோ, அடுத்தவன் தோள்ல பல்லக்குலயோதான் ஏறினாங்க. 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காப்பி கொண்டு வந்தார்னு படிச்சிருப்பீங்க. அவருக்கு முன்னாடியே இங்க வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் போட்ட ஒத்தையடிப் பாதைதான் இந்த மலையோட முதல் மேப். (கேரளாக்காரங்க இல்லைங்க. மலையை ஆளுறவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. வருஷா வருஷம் யாராவது கேட்டுடுறீங்க.)

இந்த ஊரைக் கார் கண்ணாடி வழியா பார்த்தா ஒண்ணும் தெரியாது. சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி எப்படி ஏறுது, அது நிழல்ல காப்பிச்செடி எப்படி நிக்குது, மார்ச், ஏப்ரல்ல முதல் மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாள்ல தோட்டம் பூரா வெள்ளைப் பூ பூத்து வர்ற வாசனை, இதெல்லாம் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துக்கு மட்டும் கிடைக்கிற விஷயம்.

"சரி டாக்டர், எங்க நடக்குறது?"ன்னு கேப்பீங்க. கைடு வேண்டாம். நானே சொல்றேன். தூரம் எல்லாம் தோராயம்தான்.

வண்டியை ஏரிப் பக்கம் நிறுத்துங்க. சாயங்காலம் வரைக்கும் சாவியை மறந்துடுங்க. இன்னும் நல்லது, சேலத்துல இருந்து பஸ்லயே வந்துடுங்க.

முதல் நடை: ஏரி, அண்ணா பூங்கா, அங்கிருந்து லேடீஸ் சீட், பக்கத்துல ரோஜாத் தோட்டம், திரும்ப ஏரி. போக வர நாலஞ்சு கிலோமீட்டர். லேடீஸ் சீட்ல இருந்து சேலம் டவுன் தெரியும், நீங்க ஏறி வந்த கொண்டை ஊசி வளைவுங்க தெரியும், வானம் தெளிவா இருந்தா மேட்டூர் பக்கம் தண்ணி மினுங்குறதும் தெரியும். காலைல ஏழு மணிக்குள்ள போயிடுங்க. பத்து மணிக்கு மேல வண்டி ஹாரன்தான் கேக்கும்.

ரெண்டாவது, கிளியூர் அருவி. ஏரியில இருந்து சுமார் 3 கிலோமீட்டர். மழைக்கு அப்புறம் போங்க. ஏரி நிறைஞ்சு வழியுற தண்ணியும் மழைத் தண்ணியும் சேர்ந்து விழுறதுதான் இந்த அருவி. ஏப்ரல்ல போய் "தண்ணியே இல்ல"ன்னு ரிவ்யூ போடாதீங்க. கடைசிப் பகுதி படிக்கட்டு. இறங்குறது சுலபம், ஏறுறதுதான் பரீட்சை. மதியம் பிரியாணி சாப்பிட்டுட்டு நேரா அங்க போகாதீங்க. படி ஏறும்போது நெஞ்சுல பாரம், இடது கை, தாடை வலி, குப்புன்னு வேர்வை, இதுல எது வந்தாலும் "கேஸ்"னு சோடா குடிக்கக்கூடாது. உட்காருங்க, 108 கூப்பிடுங்க.

மூணாவது, சேர்வராயன் கோயில். ஏரியில இருந்து அஞ்சாறு கிலோமீட்டர். மலையோட உச்சி, சுமார் 1,620 மீட்டர். குனிஞ்சு போற குகைக் கோயில். மேல பரந்த சமவெளி, நிழல் கிடையாது, தொப்பி வேணும். போக வர முழு நடை முடியாதவங்க ஒரு பக்கம் நடங்க, ஒரு பக்கம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிங்க. தப்பே இல்ல.

தோட்டத்துக்குள்ள போற பாதை, காட்டுப்பாதையெல்லாம் தனியா வேண்டாம். இந்த மலையில காட்டெருமை இருக்கு. பார்க்க சாதுவா நிக்கும். அதுகூட செல்ஃபி எடுக்கப் போனவங்களுக்குத் தையல் போடுற வேலையும் எங்களுக்குத்தான்.

சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க சாப்பிட்டுட்டு நடங்க, பையில ரெண்டு சாக்லேட் வச்சுக்கங்க. பேசிட்டே நடக்க முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். "ஏற்காட்டுல ஆக்சிஜன் கம்மி டாக்டர், அதான் மூச்சு வாங்குது"ன்னு ஒருத்தர் சொன்னார். மலை உயரத்தால வர்ற நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான். 1,500 மீட்டர்ல நூறு அடி நடந்து மூச்சு வாங்கினா குறை மலையில இல்ல. பழக்கம் விட்டுப் போச்சு, இல்லைன்னா ரத்தசோகையோ இதயமோ பார்க்கணும்.

2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவுல 10 கோடிக்கு மேல சர்க்கரை நோயாளிங்கன்னு சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. நான் சொன்ன முதல் ரெண்டு நடையை ஒரே நாள்ல முடிச்சாலே அந்த வாரக் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுது. சந்தோஷமா முடியுதுங்கிறதுதான் முக்கியம். ஓ.பி.யில "தினமும் நடங்க"ன்னு நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன். எழுந்து போகும்போது அவங்க முகத்துல தெரியும், நடக்கப் போறதில்லைன்னு. ஆனா பார்க்க ஏதாவது இருந்தா மனுஷன் தானா நடப்பான். ஏதென்ஸ்ல என் நண்பன் நடந்த மாதிரி.

இப்ப அவன் சொன்ன அந்தப் பாதி நியாயத்துக்கு வர்றேன். "நடக்க எங்க இடம்?"

ஏதென்ஸ்லயும் அந்த இடம் வானத்துல இருந்து விழல. அக்ரோபோலிஸ் குன்றைச் சுத்தி முன்னாடி காரும் டூரிஸ்ட் பஸ்ஸும் ஓடின ரோடுதான். 2004 ஒலிம்பிக்குக்கு முன்னாடி அதை நடக்குறவங்களுக்கு மட்டும்னு மாத்தி, பழைய இடங்களை ஒண்ணோட ஒண்ணு நடைபாதையால இணைச்சாங்க. அதனாலதான் என் நண்பன் கைடு இல்லாம நடந்தான். ஊரே கைடா இருந்துச்சு.

"அது ஐரோப்பா சார்"னு ஆரம்பிக்காதீங்க. மகாராஷ்டிராவுல மாதேரான்னு ஒரு மலை ஊர். கார், பைக் எல்லாம் ஊருக்கு வெளிய தஸ்தூரி நாக்காவுலயே நிறுத்தம். உள்ள நடை, குதிரை, இப்போ கொஞ்சம் இ-ரிக்‌ஷா. ஆம்புலன்ஸுக்கு அனுமதி உண்டு. டூரிஸ்ட் வராம ஊர் அழிஞ்சா போச்சு? சிம்லாவுல மால் ரோட்டுல நீங்க கார் ஓட்ட முடியாது. இவ்வளவு ஏன், பக்கத்துல புதுச்சேரி கடற்கரைச் சாலை. சாயங்காலம் 6 மணியில இருந்து காலை 7.30 வரைக்கும் வண்டி கிடையாது. அங்க போய் நடந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, "என்ன ஒரு ஊர்!"னு ஸ்டோரி போடுறது இதே நீங்கதான்.

நம்ம அரசாங்கமே 2023 நவம்பர் 4-ம் தேதி "நடப்போம் நலம் பெறுவோம்"னு ஒரு திட்டம் தொடங்குச்சு. 38 மாவட்டத்துலயும் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம், நான் மனசாரப் பாராட்டுறேன். (10,000 அடி நடக்கணும்ங்கிறது 1960-களில் ஜப்பான்ல ஒரு பெடோமீட்டர் விற்க வச்ச பேரு. வயசான பெண்கள்கிட்ட 2019-ல வந்த ஒரு ஆய்வுல 7,500 அடியோட பலன் நின்னுடுது. அதனால 10,000 வரலைன்னு கவலைப்படாதீங்க.) என் கேள்வி ஒண்ணுதான். எட்டு கிலோமீட்டர் நடைபாதைக்கு ஏற்காட்டை விட நல்ல இடம் சேலம் மாவட்டத்துல எது?

2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: நடைபாதை கேக்குறது அரசியலமைப்புச் சட்டம் 21-வது பிரிவுல வர்ற வாழ்வுரிமை. சலுகை இல்ல.

இ-பாஸ் வச்சா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-ல இருந்து இ-பாஸ். 2025-ல ஐகோர்ட் எண்ணிக்கையே வச்சுது: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வேண்டாம்னு சொல்லல. ஆனா வண்டியைக் குறைச்சா மட்டும் போதாது. உள்ள வந்த வண்டியும் ஏரியில இருந்து பூங்காவுக்கு ஓடினா, ஓரமா நடக்குற ஆயாவுக்கு என்ன மாறப்போகுது?

"அப்போ டாக்ஸி, ஆட்டோ ஓட்டுறவங்க பொழப்பு?" நியாயமான கேள்வி. வெளியூர் கார் உள்ள சுத்தலைன்னா கால் வலிச்சவங்க ஏறப்போறது உள்ளூர் ஆட்டோவுலதானே? கடைக்காரங்களும் யோசிங்க. கார்ல போறவன் உங்க கடையைத் தாண்டிப் போறான். நடக்குறவன்தான் நின்னு காப்பித்தூளும் மிளகும் பலாச்சுளையும் வாங்குறான்.

"வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க என்ன பண்ணுவாங்க?" அவங்களுக்கு வண்டி வேணும். கட்டாயம் அனுமதிக்கணும். திடகாத்திரமா இருக்க முப்பது வயசுக்காரங்க ஏரிக்கரையில பார்க்கிங்கை அடைச்சதாலதான் இன்னைக்கு வீல்சேரை இறக்கக்கூட இடமில்ல.

அதனால நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சனி, ஞாயிறு மட்டுமாவது ஏரி, பூங்கா சுத்துவட்டாரத்துல வெளியூர் வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு. ஊர் எல்லையில பார்க்கிங், அங்கிருந்து மினி பஸ். லேடீஸ் சீட் வரைக்கும் ஒரு பக்கமாவது ஓடைக்கு மூடி போட்டு நடைபாதை. ஒண்டிக்கடை ரவுண்டானாவுல தமிழ்ல ஒரு பெரிய மேப், தூரமும் நேரமும் போட்டு. அப்புறம் குப்பனூர், கொட்டச்சேடு பக்கம் வளைவுக்கு வளைவு ஒரு ஆள் ஒதுங்கி நிக்க இடம். அந்தக் கடைசி ஒண்ணுக்கு டூரிஸ்ட் யாரும் கைதட்ட மாட்டாங்க. எனக்கு அதுதான் முதல்ல வேணும்.

அது வர்ற வரைக்கும் உங்க கையில இருக்கறது: இறங்கும்போது ஏறின அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா சூடாகிப் பிடிக்காமப் போயிடும். 2024 ஏப்ரல் கடைசியில ஏற்காட்டுல இருந்து இறங்கின பஸ் ஒண்ணு வளைவுல கவிழ்ந்து எத்தனை குடும்பம் அழுதுச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. ரோட்டோரமா தலைச்சுமையோட யாராவது போனா ஹாரன் அடிக்காதீங்க, பதறி ஒதுங்குவாங்க. வேகத்தைக் குறைச்சு, அவங்க நடந்து தாண்டுற வரைக்கும் நில்லுங்க. பத்து செகண்ட் ஆகும்.

நேத்து ரிவ்யூவுக்கு வந்த ஆயாகிட்ட "இனிமே ரோட்டுல பார்த்துப் போங்க"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். "நான் பார்த்துத்தான் கண்ணு போறேன், அம்பது வருசமா"ன்னாங்க.

மழைக்காலத்துல நடக்க வர்றவங்க அட்டைக்குப் பயப்படாதீங்க, பிச்சு இழுக்கவும் செய்யாதீங்க. நகத்தால ஓரமா நெம்பினா விட்டுடும். மூட்டுவலி இருக்கவங்க எந்த நடையைத் தேர்ந்தெடுக்கலாம்னு நிறைய பேர் கேப்பீங்கன்னு தெரியும். வயசு, எடை, என்ன மாத்திரை எடுக்குறீங்கன்னு போட்டுக் கீழ கேளுங்க. நாளைக்கு ஓ.பி. இருக்கு, மதியத்துக்கு மேல பதில் சொல்றேன்.